கார் வானொலி கற்றுத்தந்த பாடம்

நெய்வேலி நகரியத்திலிருந்து சக ஆசிரியரின் காரில் பள்ளிக்குச் செல்கிறேன். மத்திய அலையில் செய்தி கேட்கும்போது, உயரழுத்த மின்கம்பிகளைக் கடந்தால் கரகரப்பு எழும். அதே காரில் டி.ஆர்.எம். எனும் டிஜிட்டல் வானொலியும் உண்டு. அகில இந்திய வானொலி மத்திய அலையிலேயே இதையும் ஒலிபரப்புகிறது. இதில் கரகரப்பு இல்லை. சில இடங்களில் ஒலி சட்டென்று நின்றுவிடும். காரணத்தை ஒன்பதாம் வகுப்பில் ஒரு செயல்பாடாக்கினேன்.

ஒரு மாணவர் பத்து எண்களை வாசிப்பார். சிலர் மேசையைத் தட்டுவர். கடைசி வரிசையினர் எழுதுவர்.

முதல் சுற்று: ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை. அரைகுறையாகக் கேட்டாலும் எழுதலாம்.

இரண்டாம் சுற்று: ஒவ்வோர் எண்ணும் மும்முறை. இருமுறையாவது ஒன்றுபோல் கேட்டால் மட்டுமே எழுதலாம்.

இலேசாகத் தட்டியபோது முதல் சுற்றில் இரண்டு தவறு. இரண்டாம் சுற்றில் பத்தும் சரி. பலமாகத் தட்டியபோது முதல் சுற்றில் மூன்று எண்கள் தேறின. இரண்டாம் சுற்றில் வெற்றுத்தாள். டிஜிட்டல் வானொலியும் கூடுதல் தகவலைச் சேர்த்து அனுப்பிப் பிழை திருத்துகிறது. பிழைகள் எல்லை மீறினால் மௌனம்தான்.

2011 டிசம்பர் 30-இல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய தானே புயலைப் பற்றி வீட்டில் கேட்டிருந்த மாணவி, "புயல் நேரத்துல எது சார் கேக்கும்?" என்றாள். டி.ஆர்.எம். எச்சரிக்கையை எழுத்தாகவும் காட்டும். அலை வலுவிழந்தால் பாதிச் செய்தியையாவது தருவது பழைய வானொலிதான் என்றேன்.

"டிஜிட்டலே சிறந்தது" என்று கரும்பலகையில் நான் எழுதியிருந்தேன். "அலை போதிய வலுவோடு வரும்வரை" என்று அவள் முன்னால் சேர்த்தாள். மேசையும் தாளும் போதும். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள்.