பளு தூக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பளு தூக்கினால் ஆயுள் குறையும் என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தாய். பின்லாந்தில் செய்த ஓர் ஆய்வை அவருக்குச் சொல். 1920 முதல் 1965 வரை அந்நாட்டுக்காகப் பெரிய போட்டிகளில் இறங்கிய 2,613 ஆண்களின் ஆயுளைக் கணக்கெடுத்து 1993இல் வெளியிட்டார்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கும் பனிச்சறுக்கு வீரர்களுக்கும் சராசரி 75.6 வயது. கால்பந்து, ஐஸ் ஹாக்கி போன்றவற்றை ஆடியவர்களுக்கு 73.9. பளுதூக்குதல், மல்யுத்தம், குத்துச்சண்டை, எறிதல் என்று உன் இனத்தாருக்கு 71.5. இவர்களோடு ஒப்பிடப்பட்ட மற்ற ஆண்களுக்கு 69.9. அந்த மற்றவர்களும் நோஞ்சான்கள் இல்லை. 20 வயதில் ராணுவச் சோதனையில் நல்ல ஆரோக்கியம் என்று தேறியவர்கள். அதனால்தான் இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன்.

ஆக, அம்மா பயப்பட வேண்டாம். ஆனால் ஓட்டக்காரனுக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்கவில்லை, பார். கூடுதல் ஆயுள் பெரும்பாலும் இதய நோய் குறைந்ததால் வந்தது. இதயத்துக்குத் தூக்கும் வேலை மட்டும் போதாது.

இன்னொரு ஆய்வும் பின்லாந்தில்தான். 1977–82இல் தேசிய பவர்லிஃப்டிங் போட்டிகளில், கனத்த எடைப் பிரிவுகளில் முதல் ஐந்து இடங்களைப் பிடித்த 62 பேர். ஸ்டீராய்டு எடுத்திருப்பார்கள் என்று கருதப்பட்டவர்கள். 12 வருடத்தில் 8 பேர் இறந்துவிட்டார்கள், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. சாதாரண ஆண்களில் அது நூற்றுக்கு மூன்று. மூவருக்கு மாரடைப்பு, மூவர் தற்கொலை. 62 பேர் சின்னக் கூட்டம்தான். ஆனாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. ஜிம்மில் யாராவது ஒரே ஒரு கோர்ஸ் ஊசி போதும் என்று சொன்னால், அந்த இடத்திலேயே நிற்காதே. மெடல் தள்ளிப் போனாலும் போகட்டும்.

ஹார்வர்டில் படித்த ஆயிரக்கணக்கானோரைப் பல வருடம் கவனித்தவர் ரால்ஃப் பாஃபன்பார்கர். கல்லூரியில் வீரனாக இருந்துவிட்டு அப்புறம் உட்கார்ந்துவிட்டவனுக்குப் பழைய ஆட்டம் கைகொடுக்கவில்லை. அப்போது ஆடாமல் பின்னால் உடம்பை அசைத்தவனுக்கு நன்மை கிடைத்தது. போட்டியை விட்ட பிறகும் நீ தின்னும் அளவு அப்படியே இருக்கும். பளுதூக்குகிறவர்கள் பலர் சறுக்குவது அங்கேதான்.

இப்போதே வாரம் இரண்டு நாள் காலையில் மெதுவோட்டம் சேர்த்துக்கொள். கால் கனக்கிறது என்று கோச் மறுத்தால் நடையாவது போ. வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்