மெக்டொனால்ட்ஸ் தொடுத்த அவதூறு வழக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு வணிக நிறுவனம் விலங்குகளை வதைக்கிறது என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்கள்மீது அந்த நிறுவனமே வழக்குப் போட்டால் அவர்களுடைய பேச்சுரிமை என்ன ஆகும்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் சட்டம் படித்தவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது லண்டனில் நடந்த ‘மெக்லைபல்’ வழக்கைத்தான். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990 செப்டம்பரில் அதைத் தொடுத்தது. கடைசியில் பிரதிவாதிகளாக நின்றவர்கள் ஹெலன் ஸ்டீல், டேவிட் மாரிஸ் என்ற இருவர். விசாரணை 1994 ஜூன் 28-இல் தொடங்கி 1996 டிசம்பரில் முடிந்தது. அமர்வு நாள்கள் மட்டும் 313. உரிமையியல், குற்றவியல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் அதுவரை அவ்வளவு நீண்ட விசாரணை நடந்ததில்லை. அத்தனை காலம் பேசப்பட்ட வழக்கு என்பதால் அதைப் பற்றிய கதைகளும் பெருகின. அவற்றுள் சில, பிரதிவாதிகள்மீது பரிவு கொண்டவர்கள் பரப்பியவை.

நம்பிக்கை: மெக்டொனால்ட்ஸை எதிர்த்து வழக்காடியது உலகளாவிய கிரீன்பீஸ் அமைப்பு.

பெயர்தான் ஒன்று. ஸ்டீலும் மாரிஸும் இருந்த ‘லண்டன் கிரீன்பீஸ்’ 1970-களின் தொடக்கத்திலிருந்து இயங்கிய சிறு குழு. கப்பல்களும் பல நாடுகளில் அலுவலகங்களும் கொண்ட பெரிய அமைப்போடு அதற்கு எந்த நிர்வாகத் தொடர்பும் கிடையாது. விலங்குரிமை, சுற்றுச்சூழல், தொழிலாளர் பிரச்சினை, போர் எதிர்ப்பு எனப் பலவற்றையும் அந்தக் குழு கையில் எடுத்தது.

வழக்குக்குக் காரணமான அந்தக் குழுவின் பிரசுரம் 1986-இல் வெளிவந்தது; ஆறு பக்கம். பக்கங்களின் மேல்விளிம்பில் நிறுவனத்தின் வளைவுச் சின்னத்தோடு மெக்டாலர்ஸ், மெக்கேன்சர், மெக்மர்டர், மெக்டார்ச்சர் என்று பெயரை உடைத்துச் செய்த கேலிச் சொற்கள் ஓடின. உள்ளே மழைக்காடு அழிப்பு, ஏழை நாடுகளின் பசி, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம், குறைந்த கூலி, உடல்நலக் கேடு, கோழியும் பன்றியும் வளர்க்கப்படும் விதம் என்று குற்றச்சாட்டு அடுக்கடுக்காக இருந்தது. ஒரே பிரசுரத்தில் இத்தனையையும் திணித்தது பிற்பாடு பிரதிவாதிகளுக்கே பெரும் சுமையாயிற்று: ஒவ்வொன்றையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருந்தது.

நம்பிக்கை: பிரசுரத்தை எழுதியவர்கள் ஸ்டீலும் மாரிஸும்தான்.

எழுதியதற்காக அவர்கள்மீது வழக்கு வரவில்லை; வெளியிடுவதில் பங்கு கொண்டார்கள் என்பதே புகார். அவதூறுச் சட்டத்தில் எழுதியவர், அச்சிட்டவர், தெருவில் நின்று கொடுத்தவர் எல்லோரும் வெளியிட்டவர்களே. முதலில் ஐந்து பேருக்கு அழைப்பாணை போனது. மூன்று பேர் மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். தோட்ட வேலை செய்துவந்த ஸ்டீலும், முன்னாள் தபால்காரரான மாரிஸும் மறுத்துவிட்டார்கள்.

யார் என்ன செய்தார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்த வழிதான் இந்த வழக்கின் விசித்திரமான பகுதி. துப்பறியும் நிறுவனங்களின் ஆட்கள், ஆர்வலர்கள் என்று சொல்லிக்கொண்டு குழுவுக்குள் நுழைந்தார்கள், கூட்டங்களில் உட்கார்ந்தார்கள், பிரசுரம் வழங்கும் வேலையிலும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு துப்பறியும் நிறுவனங்களின் ஆட்கள் ஒரே கூட்டத்தில் எதிரெதிரே இருந்ததும் உண்டு. வேவு பார்த்தவர்களுள் ஒருவர் மனம் மாறிப் பிரதிவாதிகளுக்காகச் சாட்சி சொன்னார். நிறுவனத்தின் ஆட்களே பிரசுரத்தைக் கொடுத்தார்கள் என்றால் நிறுவனம் அதற்குச் சம்மதித்ததாகத்தானே பொருள் என்று பிரதிவாதிகள் வாதாடிப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை.

தனியார் துப்பறிவாளர்களோடு கதை முடியவில்லை. லண்டன் காவல்துறையின் ரகசியப் பிரிவைச் சேர்ந்த பாப் லாம்பர்ட் என்ற அதிகாரியும் பொய்ப்பெயரில் அந்தக் குழுவில் இருந்தார். பிரசுரத்தை எழுதியவர்களுள் அவரும் ஒருவர் என்பது 2013-இல் வெளிவந்தது. வழக்கு நடந்த காலம் முழுவதும் நீதிபதிக்கும் பிரதிவாதிகளுக்கும் தெரியாத செய்தி இது.

நம்பிக்கை: சொன்னது உண்மையானால் பயப்பட ஒன்றுமில்லை.

இங்கிலாந்து அவதூறுச் சட்டத்தில், சொல்லப்பட்டது பொய் என்று வாதி நிரூபிக்கத் தேவையில்லை. அது உண்மை என்று காட்டும் பொறுப்பு சொன்னவர்மேல் விழுகிறது. காதால் கேட்டதும் பத்திரிகையில் படித்ததும் அங்கே போதாது. சாட்சிகளும் ஆவணங்களும் வேண்டும். இந்த வழக்கில் ஏறத்தாழ 130 பேர் கூண்டேறினார்கள். ஆவணங்கள் 40,000 பக்கம்.

இத்தனையையும் கையாள நிறுவனத்துக்கு ரிச்சர்ட் ராம்ப்டன் என்ற மூத்த வழக்கறிஞரின் தலைமையில் ஒரு குழு இருந்தது. அன்றைக்கு அவதூறு வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி கிடையாது என்பதால் பிரதிவாதிகள் தாங்களே வாதாடினார்கள். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான கியர் ஸ்டார்மர் அப்போது இளம் வழக்கறிஞர். அவரும் வேறு சிலரும் கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொன்னார்கள். ஆனால் தினமும் எழுந்து நின்று விஞ்ஞானிகளையும் நிறுவன அதிகாரிகளையும் குறுக்கு விசாரணை செய்தவர்கள் அந்த இருவரே. அறிவியல் சிக்கல் மிகுந்த வழக்கு என்று சொல்லி ஜூரி விசாரணை மறுக்கப்பட்டது. நீதிபதி பெல் தனியாக விசாரித்தார்.

சமமின்மை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அன்றாட நடவடிக்கைக் குறிப்புகளின் கதை போதும். நீதிமன்றத்தில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து தர நிறுவனம் பணம் கட்டியது. தொடக்கத்தில் ஒரு படியைப் பிரதிவாதிகளுக்கும் இலவசமாகக் கொடுத்தது. அவற்றை வழக்குக்கு மட்டுமே பயன்படுத்துவோம், வெளியே பரப்பமாட்டோம் என்று எழுதிக்கொடுக்க அவர்கள் மறுத்ததும் படி நின்றுபோனது. அதன்பின் தொண்டர்கள் கையால் எடுத்த குறிப்புகளும், நன்கொடைப் பணத்தில் தாமதமாக வாங்கிய படிகளும்தான். முந்தைய நாள் சாட்சி சொன்னதை மறுநாள் காலையில் வரிக்கு வரி புரட்டிப் பார்க்க ஒரு தரப்பால் முடிந்தது. மறு தரப்பால் முடியவில்லை.

நம்பிக்கை: தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகம், ஆகவே விலங்குகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உலவுகிறது: இருவரும் வென்றார்கள், பிரசுரம் முழுவதும் உண்மை என்பது. இரண்டுமே தவறு. 1997 ஜூன் 19-இல் வந்த தீர்ப்பு ஏறக்குறைய 800 பக்கம். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் அது தனியே எடைபோட்டது.

மழைக்காட்டை அழித்தது, ஏழை நாடுகளில் பட்டினிக்குக் காரணமானது என்பன நிரூபணமாகவில்லை. விளம்பரத்தால் குழந்தைகளைத் தூண்டி அவர்கள்மூலம் பெற்றோரை நெருக்குகிறது, பிரிட்டனில் உணவகத் தொழிலின் கூலியைக் குறைவாக வைத்திருக்கத் துணைபோகிறது என்பன நிரூபணமாயின.

விலங்குகள் பற்றிய பகுதியில் நீதிபதி காட்டிய நுணுக்கம் கவனிக்கத்தக்கது. தன் உணவுக்குப் பயன்படும் விலங்குகளுள் சிலவற்றை வளர்ப்பதிலும் கொல்வதிலும் நடக்கும் கொடுமைக்கு நிறுவனம் பழிக்குரிய பொறுப்பாளி என்று அவர் தீர்மானித்தார். எல்லா விலங்குகளும் என்று சொல்லவில்லை. எந்தெந்த நடைமுறை என்று பிரித்தார். முட்டைக்காகக் கூண்டில் அடைக்கப்பட்ட கோழிகள். வளர்ந்து பருத்த கடைசி நாள்களில் அசைய இடமில்லாமல் நெருக்கப்படும் பிராய்லர் கோழிகள். திரும்பக்கூட முடியாத தடுப்புக்குள் நிறுத்தப்பட்ட பெண்பன்றிகள். மின் அதிர்ச்சியில் மயங்காமல், நினைவு இருக்கும்போதே கழுத்து அறுபடும் ஒரு பகுதிக் கோழிகள். அன்றைக்கு இவற்றுள் பலவும் தொழிலில் வழக்கமானவை, சட்டத்துக்கு உட்பட்டவை. சட்டம் அனுமதிப்பதாலேயே ஒரு நடைமுறை கொடுமை ஆகாமல் போய்விடாது என்பது இதனால் நீதிமன்றப் பதிவில் ஏறியது. விலங்குரிமைத் தரப்புக்கு இந்த வழக்கில் கிடைத்த உறுதியான லாபம் அதுதான்.

நிரூபணமாகாத பகுதிகளுக்காக 60,000 பவுண்டு இழப்பீடு விதிக்கப்பட்டது. 1999 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 40,000 ஆகக் குறைத்தது. ஊழியர் நிலைமை பற்றிய சில வரிகளை நியாயமான விமர்சனம் என்றும் ஏற்றுக்கொண்டது.

நம்பிக்கை: இழப்பீட்டை வசூலிக்கவில்லை, எனவே அவர்கள் எதையும் இழக்கவில்லை.

நிறுவனம் அந்தப் பணத்தைக் கேட்கவில்லை என்பது உண்மை. வழக்குச் செலவையும் கேட்கவில்லை. ஆனால் 1990-இல் வந்த அழைப்பாணைக்குப் பதில் சொல்லத் தொடங்கியவர்களுக்கு மேல்முறையீடு முடிந்தபோது எட்டரை ஆண்டுகள் போயிருந்தன. இப்படிப்பட்ட வழக்குகளில் தண்டனை தீர்ப்பில் மட்டும் இல்லை. வழக்கு நடப்பதே தண்டனை. அந்த மூன்று பேர் மன்னிப்புக் கேட்டதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லை. வருமானம் குறைந்த ஒருவர் செய்யும் கணக்கில் அதுதான் அறிவுள்ள முடிவாகத் தோன்றும். பேச்சுரிமைக்கு நேரும் சேதமும் அங்கேதான்: வழக்குக்கே போகாமல் எத்தனை பிரசுரங்கள் நின்றுபோயின என்பதற்குக் கணக்கு இருக்காது.

நம்பிக்கை: பெரிய நிறுவனங்கள் ஆர்வலர்கள்மீது வழக்குப் போடக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005 பிப்ரவரி 15-இல் ஸ்டீல், மாரிஸ் இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அங்கே எதிர்த்தரப்பு பிரிட்டிஷ் அரசு, மெக்டொனால்ட்ஸ் இல்லை. சட்ட உதவி தராமல் விட்டதால் நியாயமான விசாரணைக்கான உரிமையும், அதன் தொடர்ச்சியாகக் கருத்துரிமையும் மீறப்பட்டன என்பது முடிவு. அரசு ஸ்டீலுக்கு 20,000 யூரோவும் மாரிஸுக்கு 15,000 யூரோவும் தர வேண்டியதாயிற்று.

தீர்ப்பில் ஆர்வலர்களுக்கு உவப்பில்லாத வரிகளும் உண்டு. பெரிய நிறுவனங்கள் தெரிந்தே பொதுமக்களின் கூர்ந்த பார்வைக்கு உட்படுகின்றன, ஆனாலும் தம் நற்பெயரைக் காக்க வழக்குத் தொடரும் உரிமையை அவற்றுக்கு ஒரு நாடு வழங்கலாம் என்றது நீதிமன்றம். உண்மையை நிரூபிக்கும் பொறுப்பைப் பிரதிவாதிமீது வைப்பதும் அதன் பார்வையில் தவறில்லை. அப்படிப்பட்ட உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்தால் இரு தரப்பும் ஓரளவு சமமான ஆயுதங்களோடு மோத வழி செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. சிறு குழுக்களின் குரலைப் பொது விவாதத்துக்குத் தேவையானதாக நீதிமன்றம் மதித்தது. எந்த நஷ்டத்தையும் காட்டாத நிறுவனத்துக்குப் பிரதிவாதிகளின் எளிய வருமானத்தோடு பொருந்தாத தொகை விதிக்கப்பட்டதையும் குறைகூறியது.

இங்கிலாந்து, வேல்ஸுக்கான அவதூறுச் சட்டம் 2013-இல் திருத்தப்பட்டது. லாபநோக்குள்ள நிறுவனம் அவதூறு வழக்கில் வெல்ல, கடுமையான பண இழப்பு நேர்ந்தது அல்லது நேரக்கூடும் என்று காட்ட வேண்டும். பொதுநலன் கருதி வெளியிட்டேன் என்ற எதிர்வாதமும் சட்டத்தில் ஏறியது. 1990-இல் இது இருந்திருந்தால் வழக்கு வேறு பாதையில் போயிருக்கலாம்.

நம்பிக்கை: இந்தியாவில் அரசியலமைப்பே பேச்சுரிமை தருவதால் இந்தச் சிக்கல் கிடையாது.

பிரிவு 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. அடுத்த உட்பிரிவே அவதூறை அதற்கு ஒரு வரம்பாக வைக்கிறது. நிறுவனத்தைப் பற்றிச் சொல்வதும் குற்றவியல் அவதூறாகலாம் என்பது பழைய தண்டனைச் சட்டத்திலேயே விளக்கமாக உண்டு. குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தொல்லை தரும் நோக்கில் தொடுக்கப்படும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யத் தனிச்சட்டம் இங்கே இல்லை.

நீதிமன்றங்கள் கையாளும் கருவி வேறு. ஒடிசாவின் காஹிர்மாதா கடற்கரைக்கு அருகே டாடாவின் பங்கோடு தாம்ரா துறைமுகம் கட்டப்பட்டபோது, அங்கு முட்டையிட வரும் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் (இம்முறை பெரிய அமைப்பேதான்) 2010-இல் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. பேக்மேன் பாணியில் ஆமை ஓட, டாடாவின் சின்னம் தாங்கிய பூதங்கள் துரத்தும். டாடா சன்ஸ் 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விளையாட்டுக்கு உடனடித் தடையும் கேட்டது. 2011 ஜனவரி 28-இல் நீதிபதி ரவீந்திர பட் இடைக்காலத் தடை தர மறுத்தார். பிரதிவாதி தன் கூற்றை விசாரணையில் நியாயப்படுத்த முன்வரும்போது, அது தேறவே தேறாது என்பது தெளிவாக இருந்தாலொழிய முன்கூட்டியே வாயை அடைக்கக்கூடாது என்ற 1891-ஆம் ஆண்டின் ஆங்கில விதியை அவர் பின்பற்றினார். 2024 மார்ச்சில் ஒரு செய்தி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே விதியை வலியுறுத்தி, பணபலம் உள்ளவர்கள் பொதுநலப் பேச்சை முடக்க வழக்கைப் பயன்படுத்துவதுபற்றி எச்சரித்தது.

இந்த விதி தரும் காப்பு எவ்வளவு என்பதில் குழப்பம் வேண்டாம். ஆமைகளுக்கு உண்மையில் தீங்கு நேருமா என்பதை டெல்லி ஆணை தீர்மானிக்கவில்லை. வழக்கு முடியும்வரை பேசலாம் என்றது. பேசியதை நிரூபிக்கும் பொறுப்பும், அதற்கான செலவும், அதற்குப் பிடிக்கும் ஆண்டுகளும் பேசியவர் தலையிலேயே இருக்கின்றன.