எந்த ‘சார்ஜண்ட் பெப்பர்’ வாங்கலாம்?

கேள்வி: பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தை எல்.பி.யாக வாங்க ஆசை. மோனோ, ஸ்டீரியோ, 2017 ரீமிக்ஸ் என்று விதவிதமாக விற்கிறார்கள். பாட்டுகள் ஒன்றுதானே? எதை வாங்குவது?

பதில்: பாட்டுகள் ஒன்றுதான், மிக்ஸிங் வேறு. 1967 மே கடைசியில் பார்லஃபோன் லேபிளில் மோனோவும் ஸ்டீரியோவும் சேர்ந்தே வந்தன. அன்றைய இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலும் மோனோ பிளேயர்தான். அதனால் பீட்டில்ஸ் நால்வரும் கூடவே இருந்து இழைத்துச் செய்தது மோனோ மிக்ஸ். ஸ்டீரியோவைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இன்ஜினீயர் ஜெஃப் எமரிக்கும் பிறகு அவசரமாக முடித்தார்கள்.

வித்தியாசம் காதுக்கே தெரியும். ‘ஷீ'ஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாகப் போகும், சுருதியும் ஏறத்தாழ அரை ஸ்வரம் மேலே. ஸ்டீரியோவில் அதே பாட்டு இழுவை. டைட்டில் பாட்டு இரண்டாம் முறை வந்து முடியும்போது பால் மெக்கார்ட்னி போடும் கூச்சல், ஸ்டீரியோவில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆனாலும் 1987இல் சி.டி.யாக வந்தது ஸ்டீரியோதான். ஒரு தலைமுறை அதையே அசல் என்று நம்பியது. மோனோ 2009இல் சி.டி. பெட்டியில் வந்தது. 2014இல், டிஜிட்டல் கலப்பில்லாமல் பழைய டேப்பிலிருந்தே வெட்டிய எல்.பி. வந்தது.

2017 ரீமிக்ஸ் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் செய்தது. அன்று இருந்தது நான்கு டிராக் மெஷின். டிராக் நிரம்பியதும் எல்லாவற்றையும் சுருக்கி இன்னொரு டேப்புக்கு மாற்றுவார்கள். மாற்ற மாற்ற இரைச்சல் கூடும். ஜைல்ஸ் மாற்றுவதற்கு முந்தைய டேப்புகளைத் தேடி எடுத்தார், மோனோவையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். டிரம்ஸ் இப்போது நடுவில் திடமாக நிற்கிறது.

என் ஓட்டு 2014 மோனோவுக்கு. விலை கட்டுப்படியாகாவிட்டால் 2017. குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஸ்டீரியோவைச் சரித்திர ஆர்வம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

‘1967 பிரிட்டிஷ் முதல் பதிப்பு’ என்று யாராவது விற்றால், கறுப்பு–மஞ்சள் லேபிள் இருக்கிறதா பாருங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஊசியை எடுக்காதீர்கள்: நாய்க்குத் தெளிவாகக் கேட்கக்கூடிய ஒரு கீச்சொலி, பிறகு அர்த்தமில்லாத பேச்சு, ஊசியைத் தூக்கும்வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். அமெரிக்கக் கேப்பிட்டல் பதிப்பில் அது கிடையாது.