மோரில் தங்கம் விளையுமா?

பங்குனி மாதம் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் எங்கு திரும்பினாலும் நீர்மோர்ப் பந்தல்தான். அந்த மோருக்குப் புளிப்பைத் தரும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவுக்கு இன்னொரு கைத்திறனும் உண்டு. சென்னை ஐஐடியின் பினோஜ் நாயரும் டி. பிரதீப்பும் மோரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் வகைகளைத் தங்க, வெள்ளி அயனிகள் கரைந்த நீரில் விட்டுப் பார்த்தார்கள். ஒரே பாக்டீரியாவின் எல்லைக்குள் பத்துக்கணக்கில் உலோகப் படிகங்கள் வளர்ந்திருந்தன. பாக்டீரியாவும் சாகவில்லை. 2002-இல் வெளியான அந்த ஆய்வு, நுண்ணுயிரைக் கொண்டு நானோ துகள் செய்யும் துறையின் முன்னோடிகளில் ஒன்று.

இத்தனை அழகான அறிவியலைச் சுற்றி மிகைப்பேச்சும் சேர்ந்துவிட்டது. அதில் ஐந்தை இங்கே பார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: பாக்டீரியா தங்கத்தை உண்டாக்குகிறது.

உண்மை: குந்துமணித் தங்கத்தைக்கூட எந்த உயிரும் புதிதாக உண்டாக்காது. தங்கம் ஏற்கெனவே கரைசலில் இருக்கிறது. எலக்ட்ரான்களை இழந்த அயனியாக, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கிறது. பாக்டீரியாவிடம் உள்ள சர்க்கரை, புரதம் போன்ற பொருள்கள் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. அயனி அணுவாகிறது, அணுக்கள் கூடித் துகளாகின்றன. பள்ளிப் பாடத்தில் ஒடுக்கம் என்று படித்தோமே, அதுதான் இது. தி.நகரில் ஒரு பவுன் வாங்கிக் கரைத்துக் கொடுத்தாலும் திரும்பி வருவது அதிகபட்சம் அதே 8 கிராம்தான்.

நம்பிக்கை 2: தங்கம் என்றால் மஞ்சள், வெள்ளி என்றால் வெள்ளை.

உண்மை: நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படித்தான். நானோ அளவில் நிறமே மாறிவிடும். துகளின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்வதுதான் காரணம். நுண்தங்கக் கரைசலின் மாணிக்கச் சிவப்பை மைக்கேல் ஃபாரடே 1857-லேயே ஆராய்ந்திருக்கிறார். வெள்ளி நைட்ரேட் கரைசலில் நுண்ணுயிர்ச் சாற்றைச் சேர்த்து வைத்தால் தண்ணீர்போல் இருந்தது மெல்ல மஞ்சளாகி, பிறகு டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். ஆய்வு மாணவர்கள் காத்திருப்பது அந்த நிறத்துக்காகத்தான். ஆனால் நிறம் முதல் தடயம் மட்டுமே. துகளின் அளவையும் வடிவத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

நம்பிக்கை 3: நுண்ணுயிர் செய்து தருவதெல்லாம் நானோ துகள்.

உண்மை: 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளதைத்தான் வழக்கமாக நானோ துகள் என்கிறோம். மோர் பாக்டீரியாவில் நுண்திரள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அதைவிடப் பெரிய படிகங்களாகவும் வளர்ந்தன. வெள்ளிச் சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்ட சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்ற பாக்டீரியா 200 நானோமீட்டர் வரையிலான வெள்ளிப் படிகங்களைச் சேர்த்துவைத்தது 1999-இல் பதிவானது. ஒரே அளவில், ஒரே வடிவில், ஒவ்வொரு முறையும் மாறாமல் வரவழைப்பதுதான் இந்த முறையின் பெரிய சவால்.

நம்பிக்கை 4: நுண்ணுயிரைக் கொண்டு துகள் செய்யும் இந்தப் பசுமை முறையில் ரசாயனமே கிடையாது.

உண்மை: வெள்ளி நைட்ரேட்டும், தங்கத்தைத் தரும் குளோரோ ஆரிக் அமிலமும் ரசாயனம்தானே? இந்த முறையில் தவிர்க்கப்படுவது சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசின் போன்ற கடுமையான ஒடுக்கிகள். பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே வேலை முடிவதும் உண்மையான லாபம். ஆனால் செலவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். வளர்ப்பூடகத்தை 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமிநீக்கம் செய்ய மின்சாரம் வேண்டும். துகளைப் பிரித்துக் கழுவ தண்ணீரும் நேரமும் வேண்டும். இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே பசுமை என்று சொல்லலாம்.

நம்பிக்கை 5: இயற்கை வழியில் வந்ததால் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

உண்மை: புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு வெள்ளித் துகள் செய்யப் பயன்படுத்திப் புகழ்பெற்ற பூஞ்சை ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம். வாழைத் தோட்டத்தையே காயவைக்கும் வாடல் நோய்க்குக் காரணமும் இதே இனத்தின் இன்னொரு வகைதான்.

உலோகத்தின் கதை இன்னும் முக்கியம். ஒரு சென்டிமீட்டர் வெள்ளிக் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். அத்தனை பரப்பிலிருந்தும் வெள்ளி அயனி கசியும். கிருமியைக் கொல்வது பெரும்பாலும் அந்த அயனிதான். வெள்ளி டம்ளரில் தண்ணீர் குடிப்பதும் நானோ வெள்ளிக் கரைசலைக் குடிப்பதும் ஒன்றல்ல. கூழ்ம வெள்ளியை, அதாவது நுண்வெள்ளித் துகள்கள் மிதக்கும் திரவத்தை, நாள்பட விழுங்கியவர்களுக்குத் தோல் நீலச்சாம்பலாகி அப்படியே நின்றுவிட்டது உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-லேயே கூழ்ம வெள்ளி பாதுகாப்பான, பலன் தரும் மருந்தாக ஏற்கப்படவில்லை என்று அறிவித்தது. நம் நாட்டுக் குடிநீர்த் தரமும் வெள்ளிக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது.

துகள் எப்படிப் பிறந்தது என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. எத்தனையோ கல்லூரி மாணவர்கள் இன்று இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் மீந்த வெள்ளிக் கரைசலைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். அதில் உப்புக் கரைசலைச் சேருங்கள். பிளஸ் டூ ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிய அதே 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' அடியில் இறங்கும். அது வெள்ளி குளோரைடு. அதை வடித்து, அடைத்து, மேலே பெயர் எழுதி, வடித்த நீரோடு சேர்த்து ஆய்வகக் கழிவுக்கு ஒப்படையுங்கள். ஐஐடி வாசலிலிருந்து அடையாற்றின் கழிமுகம் சில கிலோமீட்டர்தான். அங்கே சேற்றில் வாழும் பாக்டீரியாக்களும் மோரில் நமக்கு உதவியதன் உறவுக்காரர்களே.