வெள்ளாயணி இலைக்கோழி

கோடை விடுமுறையில் காட்டாக்கடைக்குச் சென்றால், மேற்கேயுள்ள வெள்ளாயணிக் காயலுக்குப் பறவை காணப் போவது என் வழக்கம். பெயர் காயலெனினும் அது நன்னீர் ஏரி. மே மாதத்தில் வடபுலத்து விருந்தினப் பறவைகள் பெரும்பாலும் திரும்பிவிடும். இலைக்கோழியோ ஆண்டு முழுதும் அங்கேயே வாழ்வது. நீண்ட விரல்களால் உடற்பாரத்தைப் பரப்பி, மிதக்கும் இலைமேல் நடக்கும்.

மழை தொடங்கியபின் பெட்டை 4 முட்டையிட்டு, வேறொரு சேவலை நாடிச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் சேவலே! (நம் இல்லங்களில் இவ்வழக்கம் செல்லுமா?)

கூடு, நீர்க்கொடிமேல் இட்ட சிறு இலைக்குவியல். மழைக்காலத்தில் கொடிகளை வாரினால் முட்டையும் உடன்போகும். ஏரியைத் துப்புரவு செய்வோர் கோடையிலேயே, அதுவும் பகுதி பகுதியாக, வாருதல் நன்று.

காணச் செல்லும் நண்பர்கள் விடியலில் செல்க. வெண்புருவமும் வெண்கலநிறச் சிறகும் அடையாளம்.