ஆட்டிசம் உள்ள குழந்தையும் அதன் குடும்ப நலமும்

தாம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சென்ற கோடையில் ஏரிக்கரைப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தோம். மதகின் அருகே மக்கள் கூடி நின்றனர். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தனியே வந்து, மதகின் மேல் ஏறி, நீரையே நோக்கியவாறு நின்றிருக்கிறான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவனைக் கண்டு இறக்கிவிட்டார். பெயரைக் கேட்டால் சிறுவன் சொல்லவில்லை, அழைத்தால் திரும்பவில்லை. சற்று நேரத்தில் தாய் ஓடி வந்தார். கூடியிருந்தோர் அவரிடம் கூறிய முதற் சொல், "பெற்றவளுக்குக் கவனம் வேண்டாமா?" என்பதே. அவர் மறுமொழி கூறாமல் பிள்ளையை அணைத்துக்கொண்டு சென்றுவிட்டார்.

மறுநாள் கிராம சுகாதாரச் செவிலியருடன் அவ்வீட்டுக்குச் சென்றோம். சிறுவன் இரவில் இரண்டு மூன்று மணி நேரமே உறங்குகிறான். தாயும் அவ்வளவே உறங்குகிறார். தந்தைக்குத் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை. நான்கு ஆண்டுகளாக அந்த அம்மையார் உறவினர் திருமணம் எதற்கும் சென்றதில்லை. பள்ளி ஒன்று சிறுவனைச் சேர்த்துக்கொண்டு, இரு வாரங்களில் திருப்பி அனுப்பிவிட்டது. முந்திய பகல் அவர் தம்மையறியாமல் கண்ணயர்ந்த வேளையில்தான் பிள்ளை வெளியேறியிருக்கிறான். கவனக் குறைவு அன்று, ஓய்வின்மையே காரணம். ஒருவர் தனியே சுமக்க இயலாத சுமையை ஊர் அவர் தலையில் விட்டுவைத்திருந்தது.

ஆட்டிசம் என்பது யாது?

அச்சிறுவனுக்கு இருப்பது ஆட்டிசம். அரசுத் தாள்களில் இது புற உலகச் சிந்தனைக் குறைபாடு எனக் குறிக்கப்படும். இது மூளை வளர்ச்சியில் பிறவி முதல் அமையும் வேறுபாடு, தொற்று நோயன்று. உலகெங்கும் ஏறத்தாழ நூறு குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது. ஆதலால், பெரிய ஊராட்சி எதிலும் இத்தகைய பிள்ளை இல்லை என்று எண்ணுதல் தவறு. வீட்டுக்குள் இருத்தலால் நம் கண்ணில் படுவதில்லை.

அறிகுறிகளை அறிவது கடினமன்று. ஓராண்டு நிறைந்த பின்னும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, முகம் நோக்காமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை இழத்தல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலிபெருக்கி போன்ற ஓசைகளுக்கு மிக அஞ்சுதல் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் சில காணப்பட்டால், "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்று காத்திராமல் சோதிக்கச் செய்ய வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே தன்மையர் அல்லர். சிலர் சரளமாகப் பேசுவர், சிலர் பேசுவதேயில்லை.

தாயின் குற்றமன்று

1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையில் முதன்மையானது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயின் அன்பின்மையால் இக்குறை நேர்கிறது என்று கற்றறிந்த மருத்துவர் பலரே நம்பினர். அதனால் எத்தனையோ தாய்மார் வீணே பழி சுமந்தனர். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் நூலொன்று வெளியிட்டு அக்கூற்றை மறுத்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. மரபணுக்களும் தொடக்கக் கால மூளை வளர்ச்சியுமே இதன் அடிப்படை என்பது இன்று தெளிவாகியுள்ளது. வளர்ப்பு முறையாலோ, தடுப்பூசியாலோ, முன்வினையாலோ வருவதன்று. அறிஞர் உலகம் கைவிட்ட பழியை ஏரிக்கரையில் நாம் இன்னும் கூறிக்கொண்டிருப்பது முறையாகுமா?

ஆராய்ச்சி காட்டும் வழி

தமரா டேலி என்னும் அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் இந்திய நகரங்களில் இத்தகைய குடும்பங்கள் பலவற்றைக் கண்டு பேசி, தம் முடிவுகளை 2004-இல் வெளியிட்டார். பிள்ளை பிறருடன் பழகாததையே நம் பெற்றோர் முதலில் கவனிக்கின்றனர் என்றும், பின்னர் மருத்துவர் பலரிடம் சென்ற பிறகே இன்ன குறை என்று அறிகின்றனர் என்றும் அவர் கண்டார். அவ்வாறு அலையும் காலத்தில் பிள்ளையின் பயிற்சிக் காலம் வீணாகிறது. பொருளும் மனவலிமையும் தேய்கின்றன.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. இதில் பயிற்சி அளித்தவர்கள் சிறப்பு மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண நலப் பணியாளர்களே. தாய் பிள்ளையுடன் விளையாடுவதைப் படமெடுத்து, அதனைத் தாயுடன் அமர்ந்து பார்த்து, பிள்ளை எப்போது தன் விருப்பத்தைக் காட்டியது, அதற்கு எவ்வாறு மறுமொழி தரலாம் என்று பேசினர். ஆறு மாதங்களில் பன்னிரண்டு அமர்வுகள் வரை நடந்தன. பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து நடப்பதும், பிள்ளை தானாகத் தொடர்பு கொள்வதும் பெருகின. எல்லாவற்றிலும் முன்னேற்றம் இல்லை. இருவரும் ஒன்றிலேயே கவனம் வைக்கும் நேரம் குறைந்தது. எனினும் பெரிய மருத்துவமனை இல்லாத இடத்திலும் உதவி செய்யலாம் என்பது விளங்கியது. நம் மாநிலத்தில் 1981-இல் ஆய்க்குடியில் தோன்றிய அமர் சேவா சங்கமும் ஊர்ப்புறப் பணியாளர்களைக் கொண்டு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் இல்லங்களுக்கே சென்று பயிற்சி தருகிறது.

இவற்றால் அறியத்தக்கது ஒன்று. பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே. உறக்கமும் ஓய்வும் இல்லாத ஆசிரியர் எவ்வாறு கற்பிப்பார்? எனவே குடும்பத்தின் நலம் பேணுதலும் பிள்ளைக்குச் செய்யும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோருடன் கலந்து, ஐயத்திற்குரிய குழந்தைகளை விரைவில் சோதனைக்கு அனுப்புக. 2013-இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வருகின்றனர். மேல் சோதனைக்கு மாவட்ட இடையீட்டு சேவை மையம் உண்டு. நம் பகுதியினருக்கு முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் தேசிய நிறுவனமும் அண்மையில் உள்ளது.

2. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளை 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயில உரிமை உண்டு. பள்ளி மறுப்பின், பெற்றோரைத் தனியே அனுப்பாமல் உறுப்பினர் ஒருவர் உடன் செல்க.

3. அடையாள அட்டை பெறவும், 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்வழி ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரவும் உதவுக. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் காப்பாளர் நியமனத்திற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவை அணுகலாம் என்பதையும் தெரிவிக்குக.

4. இப்பிள்ளைகள் தனியே வெளியேறுவதும் நீர்நிலையை நாடுவதும் உண்டு. திறந்த கிணறுகளுக்குச் சுவரும் மூடியும் அமைப்பீர். வயலில் பயன்படாத கிணறு வைத்திருக்கும் விவசாயிகளும் இதில் கருத்துச் செலுத்துதல் வேண்டும். பிள்ளையை அண்டை வீட்டார், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோர் அறிந்திருக்கச் செய்க. பெற்றோரின் இசைவு பெற்றே இதனைச் செய்க.

5. மகளிர் சுய உதவிக் குழுவினர் முறைவைத்து, வாரத்தில் இரு பிற்பகல் அத்தாய்க்கு ஓய்வு கிடைக்க உதவலாம். தந்தையும் பாட்டனும் பாட்டியும் பயிற்சியில் பங்கு கொள்க. உடன்பிறந்த பிள்ளையும் அன்பை எதிர்பார்த்து நிற்கும் என்பதை மறவற்க.

6. திருவிழாக் காலத்தில் அவ்வீட்டை நோக்கி ஒலிபெருக்கி கட்டாதிருப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

மாற்றுத் திறனாளி ஒருவரை ஒவ்வோர் ஊராட்சியிலும் நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தம் 2025-இல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அத்தகையவர் குரல் மன்றத்தில் ஒலிக்கும்போது, தாமே பேச இயலாத பிள்ளைகளின் தேவையும் உடன் கேட்கப்பட வேண்டும்.

முன் கூறிய சிறுவன் இன்னும் பேசவில்லை. ஆனால் நீர் வேண்டின் குவளையைக் கொணர்ந்து தாயிடம் தருகிறான். வாயிற் கதவுக்கு மேல்தாழ் இடப்பட்டுள்ளது. செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து அவனுடன் அமர்கிறார். அவ்விரு பிற்பகலும் தாய் உறங்குகிறார். அன்று மதகிலிருந்து அவனை இறக்கிய பெரியவர், ஆடுகளை ஓட்டிச் செல்கையில் அவ்வீட்டு வாயிலை ஒருமுறை பார்த்துவிட்டே செல்கிறார். உங்கள் ஊரில் இத்தகைய வீடு எது என்பதை அடுத்த கிராம சபை கூடுமுன் அறிந்துகொள்வீர்களாக.