படுக்கை எங்கே கிடக்கிறது என்று பாரும்

அன்புள்ள தம்பிக்கு,

காஸ் எஞ்சினியருக்கான காஸ் சேஃப் கார்ட் கைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். அதன் பின்பக்கத்தை ஒருமுறை நிதானமாக வாசியும். எந்தெந்தச் சாதனத்தில் கைவைக்க உமக்குத் தகுதி இருக்கிறது என்பது அங்கேதான் இருக்கும். குக்கருக்கும் பொயிலருக்கும் மட்டும் சோதனை பாஸ் பண்ணிவிட்டு காஸ் ஃபயரைக் கழற்றுகிற ஆக்கள் லண்டனில் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சேராதேயும்.

தொடக்கத்தில் உமக்குக் கிடைக்கிற வேலையில் பெரும்பங்கு வாடகை வீடுகளாகத்தான் இருக்கும். ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், ஹரோ, வெம்பிளி, டூட்டிங். பல இடங்களில் வீட்டுக்காரரும் தமிழர், குடியிருக்கிறவரும் தமிழர். 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளில் 36ஆம் விதி என்ன சொல்கிறது என்று உமக்குத் தெரியும்: வீட்டுக்காரரின் சாதனங்களையும் புகைக்குழாய்களையும் 12 மாதத்துக்கு ஒருதரம் சோதிக்கவேண்டும், சோதனைப் பத்திரத்தை 28 நாளுக்குள் குடியிருக்கிறவரிடம் கொடுக்கவேண்டும், புதிதாக வருகிறவருக்கு அவர் குடிவர முன்னமே கொடுக்கவேண்டும். பரீட்சைக்குப் படித்ததுதானே. நான் எழுத வந்தது வேறு. வீட்டுக்குள் போனதும் பொயிலரைத் தேடமுதல் படுக்கைகளைத் தேடும்.

இங்கத்தைய பழைய வரிசை வீடுகளில் முன்னறை என்பது விருந்தினர் இருக்கிற இடமாகக் கட்டப்பட்டது. சுவரில் ஒரு காஸ் ஃபயர், சில வீடுகளில் அதற்குப் பின்னால் மறைந்தபடி ஒரு பொயிலர். இன்றைய வாடகைக்கு யார் முன்னறையை விருந்தினருக்கு விட்டுவைப்பார்கள்? கதவைத் திறந்தால் நிலத்தில் மெத்தை, அலுமாரிக்கு மேலே சூட்கேஸ், யன்னலோரக் கொடியில் உடுப்பு, ஃபயரின் மேல்தட்டில் சாமிப்படம். போன வருசப் பத்திரத்தில் ‘லவுஞ்ச்’ என்று இருக்கும். அதற்கு முதல் வருசத்திலும் அப்படியே. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதியிருப்பார். ஆனால் ஒருவர் படுத்தெழும்புகிற அறையில், அறைக் காற்றை எடுத்து எரிகிற 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சாதனத்தை விதி அனுமதிப்பதில்லை. அதற்குக் குறைந்ததென்றால், காற்றுக் கெட முன்னர் தானே அணைந்துபோகிற கருவி அதில் இருக்கவேண்டும். ஆகவே நீர் அறையின் பெயரைக் கேட்டு எழுதாதேயும். கண்ணால் கண்டதை எழுதும்.

அடுத்தது காற்றுத்துவாரம். குளிர் வருகிறதென்று அதற்குள் பழைய துணியை அடைத்து, மேலே டேப்பும் ஒட்டி வைத்திருப்பார்கள். அவர்களைக் கோபிக்க எனக்கு மனம் வருவதில்லை. சனவரியில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் படுக்கிறவருக்குத்தான் தெரியும். கோபிக்காமல் துணியை எடுத்துவிட்டு, அந்தத் துளை ஏன் அங்கே இருக்கிறதென்று சொல்லும்.

குசினி ஃபான் இன்னொரு சங்கதி. மீன் பொரிக்கிற மணம் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாதென்று எங்கட சனம் பெரிய ஃபானாகப் பார்த்துப் பூட்டும். அது இழுக்கிற இழுவையில் முன்னறைப் புகைக்குழாயால் மேலே போகவேண்டிய புகை கீழே திரும்பிவிடும். அதனால்தான் புகைச்சோதனை செய்யும்போது யன்னல், கதவுகளைச் சாத்தி, ஃபானை முழு வேகத்தில் விடச் சொல்கிறார்கள். ஃபயர் நன்றாகச் சூடேறியபிறகு புகைக்குச்சியை மேல்விளிம்பில் பிடித்துப் பாரும். புகை உள்ளே இழுபடவேண்டும். பிறகு குசினிக்குப் போகிற கதவைத் திறந்துவைத்து மறுபடியும் பாரும். முதல்தரம் ஒழுங்காக உள்ளே போன புகை இரண்டாந்தரம் உம்முடைய முகத்துக்கு வரும் வீடுகள் உண்டு. ஃபானை நிறுத்திவிட்டுச் செய்த சோதனை எந்த இரவுக்கும் பொருந்தாது. இரவுச் சமையல் நடக்கிற நேரத்தில்தானே ஃபயரும் எரிகிறது.

காஸ் குழாய்களை வருடாந்தச் சோதனைக்குள் சட்டம் கட்டாயமாகச் சேர்க்கவில்லை. ஆனாலும் கசிவுச் சோதனையைச் செய்துவிட்டே வாரும். மீற்றரடியில் சில நிமிட வேலை.

இனி உமக்கு மட்டும் இருக்கிற ஒரு வசதியைச் சொல்கிறேன். அந்த வீட்டுக்கு முன்பு வந்துபோன எஞ்சினியர்மார் பலருக்குக் குடியிருக்கிறவரோடு கதைக்கப் பாஷை இல்லை. உமக்கு இருக்கிறது. கேளும்: “அக்கா, வீட்டில இருக்கேக்க தலையிடிக்கிறதோ? சத்தி வாற மாதிரி இருக்கிறதோ? வேலைக்குப் போனால் மாறுதோ? வீட்டில எல்லாருக்கும் ஒரேநேரத்தில வருதோ?” காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது தருகிற வருத்தம் தடிமன் காய்ச்சல் போலத்தான் தொடங்கும். “ஓம் தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கூட” என்று ஒரு அக்கா சொன்னால், உம்முடைய அளவுகருவி என்ன காட்டினாலும் அந்த வீட்டைவிட்டு அவசரப்பட்டு வெளிக்கிடாதேயும். ஞாயிறுதான் அவர் நாள்முழுக்க வீட்டில் நிற்கிற நாள். 2022 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் பொயிலரோ ஃபயரோ உள்ள வசிப்பறையில் காபன் மொனொக்சைட் அலாம் வைப்பது வீட்டுக்காரரின் கடமை. காஸ் குக்கருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அலாம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, பொத்தானை அழுத்தியும் பாரும். லாச்சிக்குள் கிடக்கிற அலாங்களும் உண்டு.

வீட்டுக்கார அண்ணையைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல மனுசன், கோவில் திருவிழாவில் உம்முடைய அப்பாவோடு நின்று கதைக்கிறவர். “போன வருசம் பார்த்ததுதானே, ஒரு கையெழுத்தை வையும், அடுத்த மூன்று வீடும் உமக்குத்தான்” என்பார். காசு அவர் தருகிறார், படுக்கிறது வேறு ஆள். உடனடி ஆபத்து என்று கண்டால், அனுமதி கேட்டுத் துண்டித்து, எச்சரிக்கை அட்டையைக் கட்டி, அறிவித்தலை எழுதிக் கொடும். அனுமதி தராவிட்டால் வாக்குவாதப்படாமல் காஸ் அவசர சேவைக்கு, 0800 111 999க்கு அடியும். உள்ளே போய் நிறுத்துகிற அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது, உமக்கு இல்லை. அண்ணை கொஞ்சநாள் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். மூன்று வீடும் போகும். போகட்டும்.

கடைசியாகத் திகதி விசயம். 2018இல் வந்த திருத்தத்தின்படி, கெடு முடிய முன்னுள்ள 2 மாதத்துக்குள் சோதித்தால் பழைய திகதியே தொடரும். வசதிதான். ஆனால் டிசம்பரில் விழுந்த வீடு என்றைக்கும் குளிர்காலத்திலேயே நிற்கும். நத்தார் வாரத்தில் பொயிலரை நிறுத்தவேண்டி வந்தால் பிள்ளைகள் உள்ள வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியும். வீட்டுக்காரரிடம் கதைத்து அப்படியான வீடுகளை யூனுக்கு மாற்றும். முந்திச் செய்தால் ஆறு மாதம் நட்டம் என்று முறைப்பாடு சொல்வார். அந்த ஒரு தடவைக்குக் கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடும்.

அன்புடன்,
உம்முடைய அண்ணன்